கதவில் ஒரு சொல்: மறதி நோயுள்ளோர் இல்லத்திற்குக் கையால் எழுதும் பலகைகள்

மறதி நோயுள்ள ஒருவரை வீட்டிற்கு அனுப்பும் நாளில் உடன் வந்தோர் எங்களிடம் கேட்கும் வினாக்கள் பெரும்பாலும் மருந்தையும் உணவையும் பற்றியவை. மறுபரிசோதனைக்கு வரும்போது வினாக்கள் மாறிவிடுகின்றன. “இருபது ஆண்டுகளாகக் குடியிருக்கும் வீட்டிலேயே அப்பாவுக்குக் கழிப்பறை எதுவென்று தெரியவில்லை. இரவில் எழுந்து பூசையறைக் கதவைத் திறந்துகொண்டு நிற்கிறார். நாங்கள் தரையைத் துடைக்கும்போது அவர் எங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை.” இதைச் சொல்பவரின் குரலும் தாழ்ந்துவிடுகிறது.

இவ்வாறு நேரும்போது, சிறுநீரை அடக்கும் ஆற்றல் போய்விட்டது என்று எண்ணி உடனே டயப்பர் அணிவித்துவிடும் குடும்பங்கள் உண்டு. சிலருக்கு அது தேவையே. ஆனால் பலருக்கு அடக்கும் ஆற்றல் குறையவில்லை, இடம்தான் தெரியவில்லை. ஒரே நிறத்தில், ஒரே அளவில் வரிசையாக நிற்கும் மூன்று கதவுகளுள் எது தமக்கு வேண்டிய கதவு என்பதை அவர்களால் நினைவிலிருந்து எடுக்க இயலவில்லை. (இந்நிலை ஓரிரு நாள்களுக்குள் திடீரெனத் தோன்றினால் சிறுநீர்த் தொற்று முதலிய காரணங்கள் இருக்கக்கூடும், முதலில் மருத்துவரைக் காணுங்கள்.)

நினைவு செய்ய இயலாததைக் கதவு சொல்லட்டும். அதற்கான எளிய துணை, தெளிவாக எழுதிய ஒரு பலகை. அண்மைய நினைவுகள் மங்கிய பின்னரும், பழகிய சொற்களைப் படிக்கும் திறன் பலரிடம் நெடுநாள் எஞ்சியிருக்கிறது. கடையில் வாங்கும் ஒட்டுத்தாள் பல வேளைகளில் பயன்படுவதில்லை. எழுத்து சிறியது, பளபளப்பு மிகுதி, சொல்லும் அந்நியமானது. ஆகவே இவ்விதழில், வீட்டிலேயே ஒரு பலகையைக் கையால் எழுதும் முறையைப் படிப்படியாகக் கூறுகிறோம். அழகாகவும் இருக்கலாம், ஆனால் அதன் முதற்பணி ஒருவரைச் சரியான கதவுக்கு அழைத்துச் செல்வது.

முதல் பாடம்: எந்தச் சொல்?

தூரிகையைத் தொடுமுன் ஒரு நாள் காத்திருங்கள். அந்த ஒரு நாள் முழுவதும் நோயாளி ஒவ்வோர் இடத்தையும் எந்தச் சொல்லால் குறிப்பிடுகிறார் என்று கேட்டு எழுதி வையுங்கள். “கழிவறை” என்பது பேருந்து நிலையத்தின் சொல். பல வீடுகளில் அது வழங்குவதே இல்லை. ஒருவர் “பாத்ரூம்” என்பார். மற்றொருவர் “லெட்ரின்” என்பார்.

ஒரு மூதாட்டியின் மகன் கணினியில் அச்சிட்டுக் “கழிவறை” என்று ஒட்டியிருந்தார். அம்மையார் அதைப் பிழையின்றிப் படித்துவிட்டு, அப்பால் நகர்ந்துவிடுவார். மருமகள்தான் கண்டறிந்தார்: அவர் பிறந்து வளர்ந்த ஊரில் கழிப்பிடம் வீட்டின் பின்புறத்தில் இருந்தது; “கொல்லைக்குப் போக வேண்டும்” என்பதே அவர் வாழ்நாள் முழுதும் சொல்லிவந்த தொடர். அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் தளத்தில், கழிப்பறைக் கதவில் “கொல்லை” என்று எழுதி மாட்டினார்கள். விருந்தினர் சிரித்தனர். அம்மையார் கதவைத் திறந்துகொண்டு உள்ளே சென்றார்.

படுக்கையறைக் கதவுக்கும் இதே விதி பொருந்தும். “தாத்தா அறை” என்பது பேரக்குழந்தைகளின் சொல். நோய் முற்றும்போது, சிலர் தம்மை நடுவயதினராகவே உணர்வார்கள். தாத்தா என்ற சொல் தம்மைக் குறிப்பதாகத் தோன்றாது. அவருடைய பெயரையே எழுதுங்கள்.

ஒரு பலகையில் ஒரு சொல் போதும். வீட்டில் நான்கைந்து பலகைகளுக்கு மேல் வேண்டாம். “தொடாதே”, “வெளியே போகாதே” போன்ற ஆணைகளைச் சுவரில் எழுதாதீர்கள். அவை மறந்தவரைக் குற்றவாளியாக்குகின்றன, பயனும் தருவதில்லை.

இரண்டாம் பாடம்: பொருள்கள்

40 செ.மீ. அகலமும் 30 செ.மீ. உயரமும் உள்ள 6 மி.மீ. பிளைவுட் பலகை ஒன்று போதும். எம்.டி.எஃப். பலகை மலிவானதுதான்; ஆயினும் குளியலறை ஈரத்தில் உப்பிவிடும். 120, 220 எண் உப்புத்தாள்கள், நீரில் கரையும் பிரைமர், அக்ரிலிக் வண்ணம், ஒரு செ.மீ. அகலமுள்ள தட்டைத் தூரிகை, மெல்லிய வட்டத் தூரிகை, பென்சில், நீண்ட அளவுகோல், பளபளப்பில்லாத வார்னிஷ் ஆகியவற்றையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

எனாமல் பெயின்ட் நெடுநாள் உழைக்கும். ஆனால் அதன் நெடியும் தின்னரின் ஆவியும் ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் ஏற்றவையல்ல. வீட்டுக்குள் மாட்டும் பலகைக்கு அக்ரிலிக் போதுமானது. பரணில் கிடக்கும் பழைய பெயின்ட் அடித்த பலகையை எடுத்துத் தேய்க்க வேண்டாம். வீட்டுப் பெயின்டுகளில் ஈயத்தின் அளவு பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேற்படக் கூடாது என்னும் விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்டைத் தேய்த்தால் எழும் தூளில் ஈயம் இருக்கக்கூடும். அது குழந்தைகளுக்கு மிகவும் கேடு. புதிய மரத்தையே தேய்ப்பதாயினும் முகக்கவசம் அணியுங்கள். புற்றுநோய்ச் சிகிச்சையால் வெள்ளணுக்கள் குறைந்திருப்பவர் வீட்டில் இருந்தால், தேய்க்கும் வேலையை வெளியிடத்தில் வேறொருவர் செய்யட்டும்.

இன்னொரு எச்சரிக்கை: வண்ணம் கலக்கத் தேநீர்க் குவளையைப் பயன்படுத்தாதீர்கள். மறதி நோயுள்ளவர் அதை எடுத்துக் குடித்துவிடக்கூடும்.

மூன்றாம் பாடம்: நிறம்

வயது ஏற ஏறக் கண்ணின் வில்லை மஞ்சள் படர்கிறது. அதனால் வெளிர்நீலம், வெளிர்பச்சை, சாம்பல் ஆகியவற்றைப் பிரித்தறிவது கடினமாகிறது. வெள்ளையில் வெளிர்நீலம் நமக்கு இனிமையாகத் தெரியலாம். எண்பது வயதுக் கண்ணுக்கு அங்கே எழுத்தே இராது. வெளிர்மஞ்சள் தளத்தில் கறுப்பு அல்லது அடர்நீல எழுத்து நன்றாகத் தெரியும். பலகையின் தளம் கதவின் நிறத்திலிருந்தும் வேறுபட வேண்டும். கதவும் வெளிர்மஞ்சளாயின் பலகையைச் சுற்றி இரண்டு செ.மீ. அகலத்தில் அடர்நிறக் கரை இடுங்கள். பொன்னிறம், வெள்ளி நிறம், மினுக்குத்தூள் ஆகியவை விளக்கொளியில் மின்னி எழுத்தை மறைத்துவிடும்.

பலகையை முதலில் 120 எண் தாளாலும் பின்பு 220 எண் தாளாலும் தேய்த்துத் துடையுங்கள். பிரைமர் ஒரு பூச்சு. அது காய்ந்தபின் தளநிறம் இரண்டு பூச்சு. ஒவ்வொரு பூச்சும் நன்கு காய்ந்த பின்னரே அடுத்ததைத் தொடங்குங்கள். பலகையின் ஓரங்களையும் பின்புறத்தையும் பூசாமல் விட்டால் ஈரம் அவ்வழியே நுழையும்.

நான்காம் பாடம்: நான்கு கோடுகள்

தமிழ் எழுத்துகள் மேலும் கீழும் கிளைப்பவை. “கி” மேலே சுழிக்கும். “மு” கீழே இறங்கும். மெய்யெழுத்தின் தலையில் புள்ளி அமரும். எனவே தமிழில் பலகை எழுத நான்கு கோடுகள் வேண்டும். நடுவிலுள்ள இரண்டு கோடுகளுக்கிடையே எழுத்தின் உடல் அமையும். அதற்கு மேலுள்ள இடைவெளி புள்ளிக்கும் சுழிக்கும் உரியது. கீழுள்ள இடைவெளி இறங்கும் கால்களுக்கு உரியது.

உடல் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும்? நல்ல பார்வையுள்ளவருக்கு மூன்று மீட்டர் தொலைவிலிருந்து படிக்க இரண்டரை செ.மீ. போதும். பார்வை குறைந்த முதியவருக்கு அதை இருமடங்காக்கி, ஐந்து செ.மீ. எனக் கொள்வது நல்லது. மேலும் கீழும் இரண்டரை செ.மீ. விடுங்கள். ஆக, சொல்லுக்கு மட்டும் பத்து செ.மீ. பலகையின் மேற்பாதியில் படம் வரும். அடியில் மூன்று செ.மீ. வெறுமை இருக்கட்டும்.

“பாத்ரூம்” என்பதை எடுத்துக்கொள்வோம். முதலில் பலகையின் அளவுக்கு ஒரு வெள்ளைத்தாளில் நான்கு கோடுகள் இட்டு, ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியே எழுதி, கத்தரித்து எடுங்கள். பிறகு அவற்றைப் பலகையின்மேல் அடுக்கிப் பாருங்கள். அளவுகோலால் சம இடைவெளி விட்டால் சொல் சீராகத் தோன்றாது. “ப”வின் வலப்புறமும் துணைக்காலின் இடப்புறமும் நேர்கோடுகள். அவை நெருங்கினால் இருண்ட கம்பிகள்போல் தெரியும். வளைவுள்ள எழுத்துகள் சற்று நெருங்கலாம். இரண்டடி பின்சென்று, கண்களைச் சுருக்கிப் பார்த்து, எங்கும் இருட்டோ ஓட்டையோ இல்லாதவாறு நகர்த்துங்கள். அதன்பின் துண்டுகளை மற்றொரு தாளில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

இந்தச் சொல்லில் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். துணைக்காலும் “ரூ”வின் உடலும் ஒன்றுபோலத் தோன்றும். துணைக்கால் அடிக்கோட்டிலேயே நின்றுவிட வேண்டும். “ரூ”வின் கீழ்ப்பகுதி அடிக்கோட்டைத் தாண்டித் தெளிவாக இறங்க வேண்டும். அடுத்தது புள்ளி. ஓலையில் எழுதியோர் பெரும்பாலும் புள்ளியிடாமலே எழுதினர். கற்றவர் அதைச் சூழலறிந்து படித்தனர். நம் பலகையைப் படிப்பவரிடம் அந்த முயற்சியை எதிர்பார்க்கலாகாது. புள்ளியை எழுத்துக் கோட்டின் அளவுக்குத் தடித்த வட்டமாக வையுங்கள்; எழுத்தோடு அது ஒட்டக் கூடாது.

தாளின் பின்புறம் முழுதும் பென்சிலால் கருமை தேய்த்து, பலகைமேல் வைத்து, முன்புறத்தில் எழுத்தின் ஓரங்களை அழுத்தி வரைந்தால் அவ்வடிவம் பலகையில் பதியும்.

ஐந்தாம் பாடம்: தூரிகையும் கோலும்

ஃபிளெக்ஸ் பலகைகள் பரவுமுன் நம் கடைத்தெருக்களின் பெயர்களையெல்லாம் எழுதிய ஓவியர்களைப் பலர் நினைவில் வைத்திருப்பீர்கள். அவர்களுள் சிலர் இடக்கையில் ஒரு நீண்ட கோலைப் பிடித்து, அதன் துணி சுற்றிய நுனியைப் பலகையோரத்தில் ஊன்றி, வலக்கையை அக்கோலின்மேல் தாங்கி எழுதுவார்கள். கை நடுங்காமல் இருக்க அது ஓர் உபாயம். ஒரு மூங்கில் குச்சியின் நுனியில் பழந்துணியைச் சுற்றிக் கட்டினால் நம் வீட்டிலும் அது ஆயத்தம்.

தூரிகையைத் தள்ளாதீர்கள், இழுங்கள். மேலிருந்து கீழாகவோ இடமிருந்து வலமாகவோ இழுத்தால் கோடு சீராக வரும். விரல்களை மட்டும் அசைக்காமல் முழங்கையும் தோளும் சேர்ந்து நகரட்டும். வட்டத்தை ஒரே இழுப்பில் முடிக்க முயல வேண்டாம். மேலிருந்து இடப்புறமாக ஒரு வளைவு, மீண்டும் மேலிருந்து வலப்புறமாக ஒரு வளைவு, இரண்டும் அடியில் சந்திக்கட்டும். தவறினால் ஈரத்துணியால் உடனே துடைத்துவிடலாம். காய்ந்துவிட்டால் தளநிறத்தால் மூடலாம். எழுத்து முற்றும் காய்ந்தபின் பென்சில் கோடுகளை அழித்து, பளபளப்பில்லா வார்னிஷை ஒரு பூச்சு இடுங்கள்.

ஆறாம் பாடம்: அலங்காரம் எங்கே?

வாசற்பலகையில் கோலமிடலாம், எழுத்துக்கு நிழல் தீட்டலாம். அதைப் படிப்பவர் அஞ்சற்காரரும் உறவினரும். உள்ளறைப் பலகையில் அலங்காரம் அடங்கியிருக்க வேண்டும். சொல்லைச் சுற்றிப் போதிய வெறுமை இருக்கட்டும். சிறு புள்ளிகளும் சுருள்களும் நெருக்கமாக இருந்தால், காட்சியைத் தவறாக உணரும் நிலையிலுள்ள சிலருக்கு அவை பூச்சிகள் ஊர்வதுபோல் தோன்றக்கூடும். ஓரத்தில் ஒரே சீரான கரை, மூலைகளில் ஒவ்வொரு பூவிதழ்; இது போதும். எழுத்தின் ஒழுங்கே உள்ளறையின் அழகு.

படமும் அவ்வாறே எளிமையாக இருக்க வேண்டும். கழிப்பறைக்கு அவ்வீட்டிலுள்ள கழிப்பிடத்தின் வடிவத்தையே வரையுங்கள். பாவாடை அணிந்த உருவமும் கால்சட்டை அணிந்த உருவமும் பொது இடத்துக் குறியீடுகள்; வீட்டில் அவை குழப்பும்.

ஏழாம் பாடம்: யார் எழுதுவது?

இயன்றவரை, யாருக்காக எழுதுகிறோமோ அவரும் எழுதட்டும். தூரிகை பிடிக்க இயலாவிடினும், தாளில் அச்சொல்லைத் தம் கையால் எழுதித் தரலாம். அதை நகலெடுக்கும் கடையில் பெரிதாக்கி, மேற்சொன்னவாறு பலகையில் பதித்து, வீட்டார் வண்ணம் தீட்டலாம்.

முன்பு சொன்ன அம்மையாரிடம் தாளும் பேனாவும் கொடுத்தபோது “கொல்லை” என்பதில் “லை”யைப் பழைய வடிவில், யானைத் துதிக்கைபோல் மேலே வளைத்து எழுதினார். 1978இல் தமிழ்நாடு அரசு “லை”, “னை”, “ணா” உள்ளிட்ட பதின்மூன்று எழுத்துகளின் வடிவத்தைச் சீர்திருத்தியது. அதற்குமுன் பள்ளியில் படித்த கை அது. மகன் திருத்த முயன்றார். வேண்டாம் என்றோம். அந்தத் துதிக்கையோடே பலகை அமைந்தது.

பக்கவாதத்திலிருந்து மீள்வோருக்கும் இவ்வேலை ஏற்றது. ஆக்குபேஷனல் தெரபி எனும் செயல்வழிச் சிகிச்சையில் நாங்கள் தரும் பயிற்சிகள் பலவும் இதில் அடங்கியிருக்கின்றன. உப்புத்தாளைக் கட்டையில் சுற்றி இரு கைகளாலும் தேய்ப்பது ஒரு பயிற்சி. வலுக்குறைந்த கையால் பலகையை அமர்த்திப் பிடிப்பது மற்றொன்று. பிடி வலுவற்றிருந்தால் தூரிகையின் காம்பில் துணியோ பஞ்சுத்தகடோ சுற்றித் தடிமனாக்குங்கள். கை நடுங்குவோருக்கு மேற்சொன்ன கோல் உதவும். இடப்பக்கத்தைக் கவனிக்காமல் விட்டுவிடும் குறை உள்ளவர், சொல்லைப் பலகையின் வலப்பாதியிலேயே எழுதிவிடுவார். பலகையின் இட ஓரத்தில் சிவப்பு நாடா ஒன்றை ஒட்டி, ஒவ்வொரு முறையும் அதைக் கண்டபின் தொடங்கச் சொல்லுங்கள். ஒரு வேளைக்குப் பதினைந்து அல்லது இருபது நிமிடம் போதும். தோளில் வலி தோன்றினால் நிறுத்திவிட்டுச் சிகிச்சையாளரிடம் கூறுங்கள்.

பேச்சு இழந்தவர் ஒரு சொல்லைப் பார்த்து அழகாக எழுதக்கூடும். ஆனால் அதன் பொருள் அவருக்கு எட்டாமல் இருக்கலாம். “என்ன எழுதினீர்கள், சொல்லுங்கள்” என்று தேர்வு வைக்காதீர்கள். எழுதியதே அன்றைய வெற்றி.

எட்டாம் பாடம்: மாட்டும் இடம்

முதுகு வளைந்த முதியவரின் பார்வை தரையை நோக்கியே செல்லும். நம் கண் மட்டத்தில் மாட்டினால் அவர் காணமாட்டார். அவரை நடக்கச் செய்து, பார்வை விழும் உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் தரையிலிருந்து நான்கடி அளவில் அமையும். கதவு திறந்திருக்கும்போது கதவிலுள்ள பலகை மறைந்துவிடும். ஆகவே கைப்பிடிப் பக்கத்துச் சுவரிலும் ஒன்று இருப்பது நல்லது. பிளாஸ்டிக் கதவில் ஆணி அடிக்க இயலாது. இருபுறமும் ஒட்டும் வலுவான நாடாவைப் பயன்படுத்தலாம். விழுந்துவிடாதபடி நான்கு மூலைகளிலும் ஒட்டுங்கள். இரவில் ஒரு சிறு விளக்கு அப்பலகைமேல் ஒளி வீசட்டும். படுக்கையிலிருந்து அவ்வொளி தெரிந்தால் மேலும் நன்று.

மாட்டிய பிறகு

பலகையை மாட்டியதுடன் பணி முடிவதில்லை. முதல் சில வாரங்கள் ஒவ்வொரு முறையும் உடன் நடந்து சென்று, பலகையைச் சுட்டிக்காட்டி, சொல்லை வாய்விட்டுப் படித்து, கதவைத் திறவுங்கள். நாளடைவில் கண் தானாகவே அங்கே செல்லும். சிலருக்குச் செல்லாமலும் போகலாம்; அது உங்கள் எழுத்தின் குறையன்று.

மறதி நோய் வளர்வது. இன்று படிக்கும் சொல்லை ஒருநாள் அவர் படிக்காமல் போவார். அப்போது படம் சிறிது காலம் துணை செய்யும். அதுவும் பயனற்றபின், கழிப்பறைக் கதவைத் திறந்தே வைத்து, உள்ளே விளக்கேற்றி, இரண்டு மணிக்கொரு முறை நாமே அழைத்துச் செல்ல வேண்டியிருக்கும். அந்நாளைத் தடுக்கும் ஆற்றல் எந்தப் பலகைக்கும் இல்லை. ஆனால் அதுவரையுள்ள மாதங்களில், சிலருக்கு ஆண்டுகளில், ஒருவர் நள்ளிரவில் யாரையும் எழுப்பாமல், யார் முன்னும் நாணாமல், தாமே எழுந்து சென்று திரும்பிவந்து படுக்கலாம். ஒரு பலகையும் ஒரு சொல்லும் அவருக்கு அவ்வளவு செய்ய இயலும். இந்த வாரமே அவர் சொல்லும் சொல்லைக் கேட்டு எழுதி வையுங்கள். பலகை பிறகு வரட்டும்.